நாள் குறிக்காத தையல்

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் ஊசி பிடித்த கைகள் எத்தனையோ இருந்திருக்கும். கடல் தாண்டி வந்தவர்கள் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தது சாரா கோஹனைத்தான். 1922இல் பிறந்தவர், 2019 ஆகஸ்ட் 30 அன்று, 96 வயதில் காலமானார். பரதேசி யூதப்பள்ளிக்குப் போகும் தெருவில் வீடும் கடையும் ஒன்றாக இருந்தது அவருக்கு. தலையில் வைக்கும் கிப்பா தொப்பி, மேசை விரிப்பு, வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு முன் ரொட்டியை மூடி வைக்கும் ஹல்லா துணி எல்லாம் பூவேலையோடு அங்கே கிடைக்கும். ஊரே அவரை சாரா ஆன்ட்டி என்று அழைத்தது.

அந்த ஹல்லா துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது சப்பாத் தொடங்கிவிடுகிறது. சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை வேலை செய்யக்கூடாது. விலக்கப்பட்ட 39 வகை வேலைகளில் தைப்பது ஒன்று, தைப்பதற்காகக் கிழிப்பது இன்னொன்று. ஆக, இந்த வாரச் சாப்பாட்டுக்கு வேண்டிய துணி என்றால் வெள்ளி அந்திக்குள் கடைசி முடிச்சுப் போட்டு நூலை அறுத்தாக வேண்டும். துணிக்கு ஒரு நாள் இருக்கிறது, அந்த நாளில் அதை எதிர்பார்த்து ஒரு மேசையும் அதைச் சுற்றி மனிதர்களும் இருக்கிறார்கள். நம் ஊர்த் தையல்காரர் தீபாவளிக்கு முந்தின ராத்திரி கண் சிவக்க உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். கல்யாண ரவிக்கை முகூர்த்தத்துக்கு முன்னால் எப்படியோ வந்து சேர்ந்துவிடும்.

ஒட்டுப்போர்வைக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அது அரைகுறையாகக் கிடப்பதற்குச் சோம்பலும் மறதியும் அடுத்த காரணங்கள். முதல் காரணம் அதற்கு நாள் இல்லாததே என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். குயில்ட் என்ற பெயரில் இன்று பலரும் ஆசையாகத் தொடங்குகிற வேலை இது. வெட்டுத்துண்டுகளைச் சேர்த்து மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்போ பழைய போர்வையோ, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க முழுக்க முழுக்க ஓட்டுத் தையல். பழஞ்சேலைகளை அடுக்கி நேராகத் தையல் ஓட்டிக் கைக்குழந்தைக்குப் போடும் நம் வீட்டு விரிப்பும் இந்தக் குடும்பம்தான். கொச்சியில் குளிர்காலமே இல்லை. போர்வை எப்போது வேண்டும் என்று பருவமும் கேட்பதில்லை.

எங்கள் வீடு இந்தப் பக்கம்தான். தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து சுக்கு மிளகுக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுத வந்தவர். அவர் காலத்து டிரங்குப் பெட்டியில் மூன்று தையல் வேலைகள் பல வருடமாகக் கிடந்தன. ஒன்று பெரியம்மா தொடங்கியது. ஒன்று என் சிநேகிதி ஒருத்திக்காக நான் தொடங்கிய நீலப்போர்வை. மூன்றாவது, ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்து அறுகோணமாக வெட்டிப் போட்ட துண்டுகள், ஒரு துணிப்பை நிறைய.

கடல் காற்று படும் ஊரில் எடுத்து வைத்த துணி சும்மா இருப்பதில்லை. குத்தி வைத்த குண்டூசி துருப்பிடித்துக் காவிப் பொட்டு விழுந்திருக்கும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும். கஞ்சி போட்ட துணியை ராமபாணப் பூச்சி தேடி வரும். ஒரே மடிப்பில் வருடக்கணக்காக இருந்த பருத்தி, மடிப்பின் கோட்டிலேயே இற்றுப்போகும். ரசகற்பூர உருண்டை பூச்சியை விரட்டும், மடிப்புக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய நூற்கண்டைப் பரிசோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு முழம் இழுத்து இரண்டு கையாலும் சுண்டிப் பார்த்தால், நல்ல நூல் விரலை அறுக்கும். இற்ற நூல் சத்தமில்லாமல் அறுந்துவிடும். இற்ற நூலால் தைத்துவிட்டால் துணி நன்றாக இருக்க, தையல் மட்டும் விட்டுவிட்டுப் போகும். ஆகவே பழைய வேலையைத் தொடருவதற்கு முன் நூலைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இந்த வேலைகள் எங்கே நின்றுபோகின்றன என்று கவனித்திருக்கிறேன். துண்டுகளைத் தேர்ந்து, நிறம் பார்த்து, ஒன்றோடொன்று சேர்க்கும்வரை யாருக்கும் அலுப்பதில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கொஞ்சம் வளர்ந்திருக்கும், அதுவே கூலி. மேல்துணி முடிந்ததும் மூன்று அடுக்கையும் விரிக்கப் போர்வை அளவுக்குத் தரை வேண்டும். ஜூ டவுன் பக்கத்து வீடுகள் தெருவோடு தெருவாக ஒட்டி நிற்பவை, ஓர் அறைக்குப் பின்னால் இன்னோர் அறை. கட்டிலை நகர்த்தி, நாற்காலியை வெளியே போட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சுருக்கம் நீக்கி, நீளநீளமாகத் தற்காலிகத் தையல் போட வேண்டும். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரு பகல் முழுக்க அந்த அறையை விட்டுக்கொடுக்க வேண்டும். வேலை இதுவரை ஒருத்தியின் மடியில் இருந்தது, இப்போது வீட்டையே கேட்கிறது. பெரும்பாலும் இங்கேதான் துணி மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போகிறது. அமெரிக்காவில் பழம்பொருள் கடைகளில், மேல்துணி மட்டும் முடிந்து அடுக்கும் தையலும் காணாத போர்வைகள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. நூறு வருடத்துக்கு முன்னால் அங்கேயும் யாருக்கோ அறை கிடைக்கவில்லை போலும்.

உத்தர கன்னடத்துச் சித்தி மக்களின் கவந்தியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. எல்லாப்பூர், ஹளியால் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சமூகம் அது. அவர்கள் முதலில் அடித்துணியாக ஒரு சேலையை விரித்துவிடுகிறார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்து வைத்துத் தைத்துக்கொண்டே உள்நோக்கிப் போகிறார்கள். சேர்ப்பதும் அடுக்கைப் பிடித்துத் தைப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகிறது. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சின்னத் துண்டுகள் வைப்பார்கள், அவற்றுக்குப் பூல என்று பெயர். பூ என்று அர்த்தம். அது இல்லாத போர்வை ஆடை உடுத்தாத மாதிரியாம். மேல்துணி தனியாக, மற்ற வேலை பிறகு என்ற இடைவெளியே அந்த முறையில் கிடையாது. பாதியில் விட்டால் பாதிப் போர்வையாக இருக்கும், அதையும் போர்த்திக்கொள்ளலாம். வேலையின் அமைப்பே மனிதருடைய தளர்ச்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. இதை யோசித்தவர்களின் அறிவை நான் வணங்குகிறேன்.

பெட்டியைத் திறக்க வைத்தது ஒரு நாள்தான். தம்பி மகள் ஜூன் மாதம் உதகையில் கல்லூரி சேருவதென்று முடிவானது. உதகைக்குப் போர்வை வேண்டும். பெரியம்மா தொடங்கியது அவளுக்காகத்தான், அவள் பிறந்தபோது. தொட்டில் அளவு மேல்துணி, சுங்குடிச் சேலையும் பெரியப்பாவின் பழைய வேட்டிக் கரையும் என் பள்ளிக்கூடப் பாவாடையும் சேர்த்தது. பாதி அடுக்குத் தையல் போட்டிருந்தார். பிறகு கண்ணில் பிரச்சினை, பிறகு படுக்கை, பிறகு அவர் இல்லை.

முடித்துவிடலாம் என்று சொல்வது சுலபம். யாருடைய வேலையை யார் முடிப்பது என்ற கேள்வி துணியை விரித்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் தையல் ஓரிடத்தில் எறும்பு வரிசை மாதிரி நெருங்கி இருக்கும். பார்வை மங்கிய காலத்தில் போட்டது கோணலாக, அகலமாக ஓடும். அதைப் பிரித்துவிட்டு நேராகப் போடலாமா? என் கைத்தையல் அவருடையதைப் போல இருக்கும்படி முயலலாமா? தொட்டிலுக்கு அளந்த துணியைப் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு எப்படிப் போர்த்துவது?

2022இல் அமெரிக்காவில் லூஸ் எண்ட்ஸ் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், ஜெனிஃபர் சிமோனிக், மேசி கப்லான் என்ற இரண்டு பேர். இறந்துபோனவர்களும் உடல் முடியாமல் போனவர்களும் பாதியில் விட்ட பின்னல், தையல் வேலைகளை, முன்பின் தெரியாத தன்னார்வலர்கள் வாங்கி முடித்துக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் இதற்குக் கை கொடுக்கிறார்கள். ஒரு பாட்டி பேரனுக்காகப் பின்னிய ஸ்வெட்டரின் இரண்டாவது கையை அவள் பெயரைக்கூட அறியாத ஒருவர் பின்னுகிறார். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்குள் ஒரு சின்ன எதிர்ப்பு இருந்தது. சொந்தக் கை இல்லாமல் அது எப்படி அவளுடையதாகும் என்று.

அந்த எதிர்ப்பைக் கரைத்தது இந்தத் தெருதான். யூதர்களின் பொதுத் தொழுகைக்கு மின்யான் வேண்டும். மரபுப்படி வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர். 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். 1568இல் கட்டிய பரதேசிப் பள்ளியில் உள்ளூர்க்காரர்களால் பத்தை எட்ட முடியாமல் போனது. வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்து சேர்ந்தால் அன்றைக்குத் தொழுகை நிறைவாக நடக்கும். நியூயார்க்கிலிருந்தோ ஹைஃபாவிலிருந்தோ வந்த பத்தாவது ஆளை யாரும் அந்நியர் என்று தள்ளவில்லை. அவர் வந்ததால் குறைந்த தொழுகை என்றும் எண்ணவில்லை. ஒன்பது பேர் பத்தாவது ஆளுக்காகக் காத்திருப்பதற்கு அங்கே வெட்கமும் இல்லை.

சாரா ஆன்ட்டியின் கடை அவருக்குப் பின் மூடவில்லை என்பதும் இதே தெருவின் செய்தி. நடத்துகிறவர் தாஹா இப்ராஹிம், முஸ்லிம். சிறு வயதில் இந்தத் தெருவில் பயணிகளிடம் அஞ்சலட்டை விற்றவர். சாராவின் கணவர் ஜேக்கப் கோஹன் 1999இல் இறப்பதற்கு முன், தம் மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி இவரிடம் கேட்டுக்கொண்டார். கேட்டபடி தாஹாவும் கடைசிவரை பார்த்துக்கொண்டார். ஒருவர் தொடங்கியதை மதமும் ரத்தமும் வேறான இன்னொருவர் தொடருகிறார் என்றால், தொடங்கியவர் ஒருவரே முடிக்க வேண்டும் என்று நான் எதைவைத்துச் சொல்வேன்?

முடிவெடுக்கப்படாமல் கிடப்பதுதான் ஆபத்து. அதற்கும் மட்டாஞ்சேரியிலேயே சாட்சி உண்டு. கடவும்பாகம் யூதப்பள்ளி, பரதேசிப் பள்ளியைவிடப் பழமையானது. மக்கள் புலம்பெயர்ந்த பின் அது கைவிடப்பட்டது, கிடங்காகவும் பயன்பட்டது. உள்ளே இருந்த செதுக்கு மரவேலைகளை 1990களில் ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகம் கொண்டுபோய்ப் பொருத்தி வைத்தது, இன்றும் அங்கே பார்க்கலாம். வெறும் கட்டடம் இங்கே நின்றது. 2019 செப்டம்பர் மழையில், சாரா இறந்து சில நாட்களில், அதன் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. மரவேலை ஊரைவிட்டுப் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதைப் பற்றி யாரோ உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தார்கள், அது பிழைத்தது. சுவரைப் பற்றி எடுக்க வேண்டிய காலத்தில் யாரும் எடுக்கவில்லை.

அறுகோணத் துண்டுகளுக்கு முடிவு சீக்கிரம் கிடைத்தது. அதற்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. படம் அழகாக இருந்தது என்பதற்காக வெட்டியவை. பக்கத்துத் தெருவில் கால்மிதி தைத்து விற்கும் ஓர் அம்மாவிடம் பையோடு கொடுத்துவிட்டேன். முடிக்காமல் விடுவதில் குற்றம் எதுவும் இல்லை. ஆசைப்பட்டதெல்லாம் கடன் ஆகிவிடாது. யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால்தான் கடன்.

பெரியம்மாவின் துணியை முதலில் நனைக்க வேண்டியிருந்தது. சுங்குடிச் சிவப்பு சாயம் விடும். வெள்ளைத் துணியை ஈரமாக்கி ஒற்றியதும் ரோஜா நிறமாகிவிட்டது. ஃபோர்ட் கொச்சி வேளியில் இருக்கும் தோபிகானாவுக்கு எடுத்துப் போனேன். அங்கே வெளுக்கிறவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்பு வெளுக்க அவர்களின் முன்னோரை 18ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்தார்கள். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்கள். முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணி முனையைச் செருகி, கிளிப் இல்லாமலே காயவைப்பது அவர்கள் வழக்கம். துணியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்த ஓர் அக்கா சொன்னார்: "இதை அடிச்சா கிழிஞ்சிரும். உப்புத் தண்ணியில தனியா அலசு. பிழியாத. நெழல்ல விரிச்சுப் போடு." வாங்கி வெளுத்துக் கூலி கேட்டிருக்கலாம். துணியைத் தெரிந்தவர், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோணல் தையலை நான் பிரிக்கவில்லை. அதை நடுவில் அப்படியே வைத்து, நான்கு பக்கமும் அகலமான கரை சேர்த்துப் பெரிதாக்கினேன். கரைக்குக் கேரளத்து செட்டுமுண்டு, கசவுச் சரிகை இல்லாத பகுதி. சரிகை கனம், பழைய பருத்தியை இழுத்துக் கிழித்துவிடும். கரையின் தையல் இயந்திரத்தில் போட்டது. எந்த இடத்தில் பெரியம்மா நிறுத்தினார், எங்கே நான் தொடங்கினேன் என்று யாருக்கும் தெரியும். தெரியட்டும் என்றுதான் நூலின் நிறத்தையே மாற்றினேன். இரண்டு பேர் தைத்ததை ஒருவர் தைத்ததுபோலக் காட்டுவதால் அந்த இருவரில் ஒருவரை இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். அவருடைய ஊசி விட்ட துருப்பொட்டு ஒன்று உண்டு. எலுமிச்சையும் உப்பும் போட்டால் போகும் என்றார்கள். போகவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

யூத வழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெருசலேம் ஆலயம் அழிந்ததன் நினைவாக, வீட்டில் ஒரு முழச் சதுரச் சுவரைப் பூசாமல் விடுவது. அதை வாசலுக்கு நேரெதிரே, உள்ளே வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் விட வேண்டும். முடியாததை மறைவில் வைத்துக் குற்ற உணர்ச்சி வளர்ப்பதற்கும், பார்வையில் வைத்து அதனோடு குடித்தனம் நடத்துவதற்கும் உள்ள வித்தியாசம் அதில் இருக்கிறது. கொச்சி யூதப் பெண்களின் விழாக்கால முண்டுகள், பள்ளியில் வேதச்சுருள் வைக்கும் பேழைக்குத் திரையாக மாறியதும் உண்டு. உடுத்தியவளின் காலம் முடிந்தும் துணியின் காலம் வேறு வேலையில் தொடர்ந்திருக்கிறது. தொட்டில் துணி உதகைப் போர்வையானதில் பெரியம்மாவுக்கு ஆட்சேபம் இருந்திருக்காது என்று இதையெல்லாம் வைத்துத்தான் தேற்றிக்கொள்கிறேன். நேரில் கேட்கக் கிடைத்திருந்தால், "அளவு பத்தலைன்னா சேர்த்துத் தைக்க வேண்டியதுதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை" என்றிருப்பார்.

தம்பி மகள் விரித்துப் பார்த்தாள். தன் பெரியம்மா பாட்டியின் தையலை விரலால் தடவினாள். "அத்தை, ஹாஸ்டல்ல வாஷிங் மெஷின்தான். போடலாமா?" என்று கேட்டாள். நான் கொஞ்சம் தயங்கினேன். பெட்டியில் வைத்துக் காப்பாற்றியது போதும். குளிர்ந்த தண்ணீரில், தலையணை உறைக்குள் போட்டு, சுழற்சி குறைத்து வை. வெயிலில் போடாதே என்றேன்.

இனி நீலம் ஒன்றுதான் பாக்கி. கல்யாணமாகிப் போகும்போது கொடுப்பதாகச் சிநேகிதிக்குச் சொல்லித் தொடங்கியது. மேல்துணி முழுக்க முடிந்திருந்தது, அகல இரட்டைக் கட்டிலுக்கு. அவளுக்கு மகன் பிறந்து, அவன் வேலைக்குப் போய், அவள் கணவரும் காலமாகிவிட்டார். இத்தனைக்குப் பிறகு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்று நானாகவே எத்தனையோ முறை அவளுக்காகப் பதில் சொல்லிக்கொண்டேன். இந்த முறை அவளிடமே கேட்டு எழுதினேன். பதில் வந்தது. கட்டாயம் வேண்டும், ஆனால் இப்போது தான் படுப்பது ஒற்றைக் கட்டில், அதற்கு ஏற்றபடி கிடைக்குமா என்று கேட்டிருந்தாள்.

ஆகவே நன்றாகச் சேர்த்த துணியில் இரண்டு வரிசையைப் பிரிக்க வேண்டும். நூலும் புதிதாக வாங்க வேண்டும், முன்பு வாங்கியது சுண்டினால் அறுகிறது. பிரித்த துண்டுகள் தலையணை உறைக்கு ஆகும், அதையும் சேர்த்து அனுப்பலாம். கட்டிலை நகர்த்திக் கொடுப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். ஓணத்துக்குள் கையில் கிடைக்கும் என்று அவளுக்கு எழுதிவிட்டேன்.